மஞ்சள்தூளை எப்போது போடுவது? எவ்வளவு போடுவது?

அரைவேக்காடு
தனியாகச் சமைக்க ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. உப்பும் காரமும் ஓரளவு கைக்கு வந்துவிட்டன. ஆனால் எதைச் செய்தாலும் அடியில் ஒரே வாடை அடிக்கிறது. ஈரமண் மாதிரி ஒரு வாடை, கூடவே லேசான கசப்பு. பருப்பிலும் அதுதான், உருளைக்கிழங்கிலும் அதுதான், முட்டையிலும் அதுதான். ஒவ்வொரு பொடியாக நிறுத்திப் பார்த்ததில் மஞ்சள்தூள்தான் காரணம் என்று பிடிபட்டது.

அம்மாவிடம் போனில் கேட்டால், "கொஞ்சமா போடுடா, அதுக்கு என்ன அளவு" என்கிறார். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டால் சிரிக்கிறார். இன்னொரு குழப்பமும் உண்டு. சிலர் எண்ணெயில் போடுகிறார்கள், சிலர் தண்ணீரில் போடுகிறார்கள், சிலர் கடைசியில் தூவுகிறார்கள். நேற்று காய்ந்த எண்ணெயில் நேராகப் போட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் பழுப்பாகிவிட்டது. உருளைக்கிழங்கு தின்ன முடியாத கசப்பு.

கேள்வி இரண்டுதான். எப்போது, எவ்வளவு? மூன்றாவதாக ஒன்றைக் கேட்கக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது: போடாமலே விட்டால் என்ன ஆகும்?

கரண்டி
முதலில் ஒன்றைச் சொல்லுங்கள். எந்த ஸ்பூனால் போடுகிறீர்கள்?

அரைவேக்காடு
மஞ்சள்தூள் டப்பாவிலேயே ஒரு சின்ன ஸ்பூன் கிடக்கும். அதில் ஒன்று. ஒரு ஆளுக்கான சமையல்தான்.

கரண்டி
தட்டையாகவா, கும்பாரமாகவா?

அரைவேக்காடு
... கும்பாரமாகத்தான்.

கரண்டி
கதை முடிந்தது. டப்பாவில் கிடப்பது தேக்கரண்டி அளவு என்றால் தலைதட்டி எடுத்தாலே சுமார் 3 கிராம் வரும். கும்பாரம் என்றால் இன்னும் அதிகம். என் வீட்டில் நான்கு பேருக்கான பருப்புக்குக் கால் தேக்கரண்டி. நீங்கள் ஒரு ஆளுக்கு, நாங்கள் நான்கு பேருக்குப் போடுவதைப் போல நான்கைந்து மடங்கு போடுகிறீர்கள். மிளகாய்த்தூள் கூடினால் நாக்கு உடனே காட்டிக்கொடுக்கும். மஞ்சள்தூள் கூடினால் சத்தமில்லாமல் எல்லாவற்றின் ருசியையும் அமுக்கிவிடும். அதனால்தான் மூன்று மாதம் ஆகியும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒரு ஆளுக்குச் சிட்டிகை போதும். சிட்டிகை என்பது கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து பிடிக்கிற அளவு. மூன்று விரலால் எடுத்தால் அது சிட்டிகை இல்லை. ஸ்பூனை டப்பாவிலிருந்து எடுத்துவிட்டு ஒரு வாரம் விரலால் போட்டுப் பாருங்கள். விரல் மஞ்சளாகும். ஆனால் கை அளவு பழகும்.

நிலாச்சோறு
அளவு பற்றிக் கரண்டி சொன்னதுதான் சரி. ஆனால் தம்பியின் பிரச்சினை அளவு மட்டும் இல்லை. குறைவாகப் போட்டாலும் வேகாத மஞ்சள்தூள் வாடை அடிக்கும். மஞ்சள்தூளும் மற்ற மசாலாப் பொடிகள் மாதிரிதான், பச்சை வாடை போக வேண்டும். நிறத்துக்குத்தானே என்று நினைத்துக் கடைசியில் தூவினால் அந்த ஈரமண் வாடை அப்படியே நின்றுவிடும்.

நான் செய்வது இது. தாளித்து வெங்காயம் போட்டு, வெங்காயம் கொஞ்சம் நீர் விட ஆரம்பித்ததும் தீயைக் குறைத்து மஞ்சள்தூளைப் போடுவேன். அந்த நேரத்தில் சட்டியில் எண்ணெயும் இருக்கும், ஈரமும் இருக்கும். எண்ணெயில் நிறம் இறங்கும், ஈரம் கருகாமல் காப்பாற்றும். அரை நிமிடம் கிளறினால் வாடை மாறுவது மூக்குக்கே தெரியும். முதலில் பொடி வாடை, அப்புறம் வறுத்த வாடை, அதற்கடுத்துக் கருகல். நடுவில் இருப்பதுதான் நமக்கு வேண்டியது. வெங்காயம் இல்லாத சமையல் என்றால் காயைப் போட்டுப் புரட்டி, அதன் மேல் மஞ்சள்தூளைத் தூவி, உடனே ஒரு கை தண்ணீர் தெளிப்பேன்.

காய்ந்த எண்ணெயில் வெறும் பொடியைப் போடவே கூடாது. கடுகு வெடிக்கிற சூட்டில் மஞ்சள்தூள் நிற்காது. தாளிப்பிலேயே போட்டாக வேண்டும் என்றால் அடுப்பை அணைத்துவிட்டு, எண்ணெய் அடங்கியதும் போடுங்கள்.

வேதிக்கிறுக்கன்
அக்கா அனுபவத்தில் சொன்னதற்குப் பின்னால் தெளிவான காரணம் இருக்கிறது.

மஞ்சளில் நாம் தேடுவது இரண்டு விஷயம். ஒன்று நிறம். அது குர்க்குமின் என்ற பொருளும் அதன் இரண்டு நெருங்கிய உறவுகளும் சேர்ந்து தருவது. 1815-லேயே வோகல், பெல்லத்தியே என்ற இரண்டு வேதியியலாளர்கள் இந்த மஞ்சள் பொருளைப் பிரித்தெடுத்துப் பெயரும் வைத்துவிட்டார்கள். இரண்டாவது வாசனை. அது முழுக்க வேறு கோஷ்டி. டர்மரோன் வகையைச் சேர்ந்த, ஆவியாகக்கூடிய எண்ணெய்கள்.

குர்க்குமின் தண்ணீரில் கரையவே கரையாது என்று சொல்லலாம். எண்ணெயில் கரையும். அதனால்தான் வெறும் தண்ணீரில் கொதிக்கவிட்ட மஞ்சள்தூள் துகள் துகளாக மிதந்து அடியில் படிகிறது. அதே அளவை எண்ணெயில் லேசாகச் சூடு காட்டிப் போட்டால் குழம்பு முழுக்க ஒரே நிறமாகப் பரவுகிறது. நிறம் போதவில்லை என்று நினைத்து இன்னொரு ஸ்பூன் போடுகிறவர்களில் பாதிப் பேர் எண்ணெயைத் தொட விடாமல் போடுகிறவர்கள்தான். அரைவேக்காடு, நீங்களும் அந்தக் கூட்டம்தான் என்று நினைக்கிறேன்.

வாசனை எண்ணெய்களோ நேரம் ஆக ஆக ஆவியோடு போகும். ஆக, பச்சை வாடை போகும் அளவுக்குச் சூடு வேண்டும். ஆனால் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் மிஞ்சுவது நிறமும் கொஞ்சம் கசப்பும்தான்.

கரண்டி
அப்படியானால் பருப்பை மஞ்சள்தூளோடு குக்கரில் போட்டு நான்கு விசில் விடுகிற நாங்கள் எல்லாம் இத்தனை வருடமாக வீணடிக்கிறோமா?

வேதிக்கிறுக்கன்
வீண் என்று சொல்லமாட்டேன். கொஞ்சம் போகிறது, அவ்வளவுதான். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2007-ல் வெளிவந்த ஆய்வு. மஞ்சளைச் சமையல் சூட்டில் வைத்தபோது குர்க்குமினில் 27 முதல் 53 சதவீதம் வரை குறைந்தது. அதிக இழப்பு பிரஷர் குக்கரில் 10 நிமிடம் வைத்தபோது. துவரம் பருப்பு கூட இருந்தும் இழப்பு ஏறக்குறைய அதேதான். எனக்குப் பிடித்த பகுதி அடுத்தது: புளி சேர்ந்திருந்தபோது இழப்பு 12 முதல் 30 சதவீதம் மட்டும். குர்க்குமினுக்குப் புளிப்பு ஒத்துவரும்.

கரண்டி
எண் எல்லாம் சரி. நாக்குக்குத் தெரியுமா என்பதுதான் என் கேள்வி. குக்கரில் போட்டும் செய்திருக்கிறேன், தாளிப்பில் போட்டும் செய்திருக்கிறேன். வித்தியாசம் தெரியவில்லை. குக்கரில் போடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பருப்பு ஒவ்வொரு மணியும் நிறம் பிடிக்கும். தாளிப்பில் போட்டால் மேலே ஒரு மஞ்சள் ஏடு, உள்ளே வெள்ளைப் பருப்பு.

நிலாச்சோறு
குக்கரில் மஞ்சள்தூளோடு அரை ஸ்பூன் எண்ணெயும் விடுங்கள் கரண்டி. நிறமும் பிடிக்கும், பருப்பு நுரைத்து விசில் வழியாகப் பொங்கி வழிவதும் குறையும். நான் இரண்டு இடத்திலும் போடுவேன். பருப்பு வேகும்போது ஒரு சிட்டிகை நிறத்துக்கு. தாளிப்பில் பாதிச் சிட்டிகை வாசனைக்கு. மொத்தம் கால் ஸ்பூனைத் தாண்டாது. உங்கள் நாக்குக்கு வித்தியாசம் தெரியவில்லை என்றால், கோபித்துக்கொள்ளாதீர்கள், காரம் அதிகம் போடுகிறீர்கள் என்று அர்த்தம்.

கரண்டி
அதற்கும் என் தலையில்தான் பழியா. சரி, எண்ணெய் விட்டுப் பார்க்கிறேன்.

தூக்கத்தில் சமைப்பவன்
இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும். போன வாரம் கொண்டைக்கடலை வேகவைத்தேன். ஊறப்போட மறந்துவிட்டதால், சீக்கிரம் வேகட்டும் என்று சமையல் சோடா கொஞ்சம் தாராளமாகப் போட்டேன். கூடவே மஞ்சள்தூளும். குக்கரைத் திறந்தால் தண்ணீர் செங்கல் நிறத்தில் இருக்கிறது! மஞ்சள்தூளில் ஏதோ சாயம் கலந்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டி, கடலையையும் கொட்டினேன், அரைக்கிலோ மஞ்சள்தூளையும் கொட்டினேன். கலப்படம்தானே?

வேதிக்கிறுக்கன்
ஐயோ, இரண்டையும் கொட்டிவிட்டீர்களா. கலப்படம் எதுவும் இல்லை, அது மஞ்சளின் குணம். காரத்தன்மை (மிளகாய்க் காரம் இல்லை, புளிப்புக்கு எதிரான தன்மை) உள்ள எதோடு சேர்ந்தாலும் குர்க்குமின் சிவக்கும். சமையல் சோடா, சுண்ணாம்பு, துணி சோப்பு எல்லாம் அப்படித்தான். பள்ளி ஆய்வகத்தில் மஞ்சள்தாள் வைத்துச் செய்த சோதனை ஞாபகம் இருக்கிறதா? அதையேதான் நீங்கள் குக்கரில் செய்திருக்கிறீர்கள். பயந்த அந்த நேரத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்திருந்தால் கண் முன்னாலேயே மறுபடி மஞ்சளாகியிருக்கும்.

காரத்தன்மையில் குர்க்குமின் வெகு சீக்கிரம் சிதையவும் செய்யும். எனவே சோடா போட்டு வேகவைக்கும்போது மஞ்சள்தூள் வேண்டாம். வெந்த பிறகு தண்ணீரை வடித்துவிட்டு, தாளிப்பில் போடுங்கள்.

தூக்கத்தில் சமைப்பவன்
இப்போதுதான் இன்னொன்றும் புரிகிறது. வெள்ளைச் சட்டையில் குழம்பு சிந்தியதும் சோப்பு போட்டுத் தேய்த்தேன். கறை ரத்தச் சிவப்பாகிவிட்டது. சட்டையே போச்சு என்று நினைத்தேன். அதுவும் இதேதானா?

வேதிக்கிறுக்கன்
அதுவும் இதேதான். சோப்பைப் பார்த்துச் சிவந்தது. நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகிவிடும்.

பாத்திரம் கழுவும் பிரிவு
கறை என்று வந்துவிட்டால் என் துறை. மஞ்சள் கறைக்கு வெயிலை விட்டால் வேறு மருந்து கிடையாது. குர்க்குமினுக்கு வெளிச்சம் ஆகாது. துணியைத் துவைத்து, ஈரத்தோடு நல்ல வெயிலில், கறை பட்ட பக்கம் மேலே தெரியும்படி காயப்போடுங்கள். ஒரு நாளில் பாதி போகும், இரண்டு மூன்று நாளில் தேடினாலும் கிடைக்காது. நிழலில் காயப்போட்டால் வருடக்கணக்கில் இருக்கும்.

மிக்சி மூடி, பிளாஸ்டிக் டப்பா எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம்தான். பிளாஸ்டிக்கில் முதலில் சமையல் எண்ணெயைத் தடவித் துடைத்துவிட்டு அப்புறம் சோப்பு போடுங்கள். எண்ணெயில் கரைவதுதானே இது, எண்ணெயோடு கொஞ்சம் வந்துவிடும். விரல் நகத்துக்கும் அப்படியே. மர அகப்பைக்கு மட்டும் ஒன்றும் செய்ய முடியாது, அது மஞ்சள் அகப்பை என்று ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த வெளிச்ச விஷயம் டப்பாவுக்கும் பொருந்தும். அழகுக்காகக் கண்ணாடி ஜாடியில் போட்டு ஜன்னல் ஓரம் அடுக்குகிறவர்கள், ஆறு மாதம் கழித்து ஜாடியின் வெளிப்பக்கத்தையும் நடுப்பகுதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

தினம் ஒரு ஸ்பூன்
எல்லோரும் நிறம், வாடை, கறை என்றே பேசுகிறீர்கள். மஞ்சளை நாம் சாப்பிடுவதே உடம்புக்கு நல்லது என்பதால்தானே? நான் தினமும் இரவில் பாலில் ஒரு ஸ்பூன் முழுதாகப் போட்டு, மிளகும் தட்டிப் போட்டுக் குடிக்கிறேன். மிளகு சேர்த்தால் மஞ்சளின் சத்து 2000 சதவீதம் அதிகமாக உடம்பில் சேரும் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறார்களே. நீங்கள் என்னவென்றால் சிட்டிகை போடச் சொல்கிறீர்கள்.

வேதிக்கிறுக்கன்
அந்த 2000 சதவீதம் உண்மையான எண்தான். 1998-ல் வெளிவந்த ஆய்வு. ஆனால் அதில் கொடுத்தது மஞ்சள்தூள் இல்லை, பிரித்தெடுத்த குர்க்குமின் 2 கிராம், கூடவே மிளகிலிருந்து பிரித்தெடுத்த பைப்பரின் 20 மில்லிகிராம். கணக்குப் போடுவோம். மஞ்சள்தூளில் குர்க்குமின் சுமார் 3 சதவீதம். உங்கள் ஒரு ஸ்பூன் 3 கிராம் என்றால் அதில் குர்க்குமின் 90 மில்லிகிராம். அந்த 2 கிராமுக்குப் போக இருபது ஸ்பூனுக்கு மேல் வேண்டும்.

இன்னொன்று. மிளகு இல்லாமல் 2 கிராம் கொடுத்தபோது இரத்தத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே தென்படவில்லை. ஒன்றுமில்லாத ஒன்றின் இருபது மடங்கு எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். விளம்பரத்தில் இந்தப் பகுதியை மட்டும் விட்டுவிடுவார்கள்.

தினம் ஒரு ஸ்பூன்
அப்படியானால் மாத்திரையாகச் சாப்பிட்டால் போதிய அளவு கிடைக்குமே?

வேதிக்கிறுக்கன்
அதைத்தான் நான் யாருக்கும் சொல்லமாட்டேன். உலக அளவில் உணவுச் சேர்க்கைப் பொருட்களை மதிப்பிடும் நிபுணர் குழு, நிறமியாகச் சேர்க்கும் குர்க்குமினுக்கு வைத்த வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 3 மில்லிகிராம் வரை. அறுபது கிலோ ஆளுக்கு 180 மில்லிகிராம். சமையலில் போடுவதெல்லாம் இதற்குள் சுலபமாக அடங்கும். மாத்திரைகள் பல இதைத் தாண்டும். உறிஞ்சுதலைக் கூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்ட நோயாளிகளைப் பற்றி இத்தாலியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் மருத்துவப் பதிவுகள் வந்திருக்கின்றன. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், பித்தப்பைக் கல் உள்ளவர்கள், சிறுநீரகக் கல் வந்து போனவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஆரம்பிக்கவே கூடாது.

நிலாச்சோறு
பாலில் மஞ்சள்தூள் போட்டுக் குடிப்பது நல்ல ருசி. தொண்டைக்கு இதமாக இருக்கும், தூக்கமும் வரும், அதில் பாதி வேலையைச் சூடான பாலே செய்துவிடும். அதற்குமேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் முழு ஸ்பூனா? அதை எப்படி விழுங்குகிறீர்கள்? ஒரு டம்ளருக்குக் கால் ஸ்பூன் போட்டு, பாலோடு சேர்த்து ஐந்து நிமிடம் சிறு தீயில் வையுங்கள். பாலில் கொழுப்பு இருக்கிறதல்லவா, அழகாக நிறம் இறங்கும். காய்ச்சிய பாலில் மேலாகத் தூவிக் கலக்கினால் கடைசி மடக்கில் மண்தான் வரும்.

தினம் ஒரு ஸ்பூன்
கடைசி மடக்கு அப்படித்தான் இருக்கிறது, உண்மை. அதுதான் மருந்து என்று நினைத்துக் குடித்துக்கொண்டிருந்தேன்.

மீன்முள்
இன்னொரு நம்பிக்கையையும் யாராவது தீர்த்துவையுங்கள். மீனில் மஞ்சள்தூளும் உப்பும் தடவி வைத்தால் கிருமி செத்துவிடும், ஃபிரிட்ஜ்கூட வேண்டாம் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். நான் மூன்று மணி நேரம் வெளியே வைத்தேன். அதன்பின் நடந்ததைச் சாப்பாட்டுப் பேச்சில் எழுத வேண்டாம் என்று விடுகிறேன்.

வேதிக்கிறுக்கன்
ஆய்வகத்தில் செறிவாகக் கொடுத்தால் சில பாக்டீரியாக்களைக் கட்டுப்படுத்தும், உண்மைதான். மீன் துண்டின் மேல் பூசிய மெல்லிய பூச்சு அந்த வேலையைச் செய்யாது. தடவி, உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். வாடைக்கும் நிறத்துக்கும் ருசிக்கும் மஞ்சள், பாதுகாப்புக்குக் குளிரும் நெருப்பும்.

மீன்முள்
வாடைக்கு அது உதவுகிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பொரித்தபின் ஓரத்தில் வருகிற நிறத்துக்காகவே தடவலாம்.

உலக்கை
தூளின் தரம் பற்றி யாரும் பேசவில்லையே. அரைவேக்காட்டின் மண் வாடைக்குப் பழைய தூளும் காரணமாக இருக்கலாம். தூளாக்கிய நாளிலிருந்தே வாசனை எண்ணெய் போய்க்கொண்டிருக்கும். ஒரு வருடம் ஆன தூளில் நிறம் மட்டும் இருக்கும், மணம் இருக்காது. உள்ளங்கையில் ஒரு சிட்டிகையைத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். இஞ்சியின் சித்தப்பா பிள்ளை மாதிரி, கொஞ்சம் காரமான, மரப்பட்டை சாயலான வாசனை வர வேண்டும். வெறும் புழுதி வாடை வந்தால் மாற்றுங்கள். சிறு பொட்டலமாக வாங்குவதுதான் புத்திசாலித்தனம். மிளகாய்த்தூள் மாதிரி சீக்கிரம் தீராது இது.

நான் விரலி மஞ்சள் வாங்கி வீட்டிலேயே பொடிக்கிறேன். எச்சரிக்கை: மஞ்சளை அறுவடைக்குப் பின் வேகவைத்து, பத்துப் பதினைந்து நாள் காயவைத்துத்தான் விற்பனைக்குக் கொண்டுவருகிறார்கள். வேகும்போது உள்ளே இருக்கிற மாவுச்சத்து கூழாகி, காயும்போது இறுகிவிடும். கல் மாதிரி இருக்கும். நேராக மிக்சியில் போட்டு ஒரு பிளேடை இழந்தவன் சொல்கிறேன், முதலில் உரலில் இடித்துச் சிறு துண்டுகளாக்குங்கள், ஒரு வெயில் காட்டுங்கள், அப்புறம் மிக்சி. சலித்து, கப்பியை மறுபடி அரையுங்கள். அந்த நாள் முழுக்க வீட்டில் எல்லோருக்கும் தும்மல்.

தூக்கத்தில் சமைப்பவன்
கலப்படத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டா? அரைக்கிலோவைக் கொட்டியவன் கேட்கிறேன்.

உலக்கை
ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் தூளைப் போட்டு, கலக்காமல் விடுங்கள். நல்ல தூள் மெதுவாக அடியில் படியும், தண்ணீர் வெளிர் மஞ்சளாக இருக்கும். போட்டதும் தண்ணீர் பளீரென்று அடர் மஞ்சளானால் சாயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. குர்க்குமின் தண்ணீரில் கரையாது என்று மேலே சொன்னார்களே, அதே தர்க்கம்தான்.

ஆனால் உண்மையில் பயப்பட வேண்டியது ஈயக் குரோமேட். மங்கிய கிழங்கைப் பளபளப்பாகக் காட்டப் பூசுகிற மஞ்சள் நிறமி அது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வீட்டில் அதைக் கண்டுபிடிக்க நம்பகமான சோதனை கிடையாது. வங்கதேசத்தில் இது பெரிய பிரச்சினையாக இருந்தது. 2019-ல் சந்தையில் எடுத்த மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. மக்களுக்கு எச்சரிக்கை, மொத்தச் சந்தையில் திடீர்ச் சோதனை, அபராதம் என்று அரசு இறங்கி வேலை செய்ததில் 2021-ல் அது சுழியமாகிவிட்டது. இரண்டே வருடம். அதனால் இயற்கைக்கு ஒவ்வாத பளீர் மஞ்சளைப் பார்த்தால் ஆசைப்படாதீர்கள். உடைத்துப் பார்த்தால் நல்ல விரலி உள்ளேதான் அடர்ந்த நிறமாக இருக்கும், தோல் சுமாராகத்தான் இருக்கும். தோல் பளபளத்து உள்ளே வெளிறியிருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

கிழங்குப் பிரியை
பச்சை மஞ்சள் கிடைத்தால் விடாதீர்கள். அதைத் தூளின் ஈர வடிவம் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். ருசியே வேறு. இஞ்சியின் கூர்மை கொஞ்சம், கேரட்டின் பச்சை வாசனை கொஞ்சம், தூளில் உள்ள மண்தன்மை கிடையாது. ஒரு ஸ்பூன் தூளுக்குப் பதிலாக விரல் நீளத்தில் பாதி, தோல் சீவித் துருவியது என்று வைத்துக்கொள்கிறேன். இஞ்சி பூண்டோடு சேர்த்து அரைத்தால் தனியாக வேலையே இல்லை. எலுமிச்சைச் சாறில் உப்பு போட்டு மெல்லிய வில்லைகளாக ஊறவைத்தால் இரண்டு நாளில் ஊறுகாய். கையுறை போடாமல் சீவாதீர்கள். நான் சொல்வதைக் கேட்காமல் சீவிவிட்டு, பாத்திரம் கழுவும் பிரிவிடம் போய் நிற்பீர்கள், தெரியும்.

அரைவேக்காடு
இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. என் மூன்றாவது கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. போடாமலே விடலாமா?

நிலாச்சோறு
தாராளமாக விடலாம் தம்பி. எல்லாவற்றிலும் கை தன்னால் டப்பாவுக்குப் போவது பழக்கம்தானே தவிர சட்டம் இல்லை. கீரையில் நான் போடுவதில்லை. பச்சை நிறத்தோடு மஞ்சள் சேர்ந்தால் பாசி நிறமாகிவிடும், கீரையின் மெல்லிய வாசனையும் அமுங்கும். தேங்காய்ப்பால் வெள்ளையாக நிற்க வேண்டிய குழம்பிலும், மிளகு தனியாகப் பேச வேண்டிய முட்டையிலும் போடுவதில்லை. கொத்தமல்லித் தழையோ புதினாவோ அரைத்து ஊற்றுவதில் போட்டால் அது இருப்பதே தெரியாது, எதற்கு?

ஆனால் உருளைக்கிழங்கு, காலிஃபிளவர், பருப்பு மூன்றும் அது இல்லாமல் மொட்டையாக இருக்கும். இவற்றுக்கு மாவு ருசிதான் அதிகம், சொந்த வாசனை குறைவு. அந்த இடத்தில் மஞ்சளின் லேசான கசப்பு ஒரு அடித்தளம் மாதிரி வேலை செய்யும். தனியாகத் தெரியாது, எடுத்துவிட்டால் ஏதோ குறைகிறது என்று தெரியும். பூசணிக்காய் மாதிரி இனிப்புக் காய்களிலும் அப்படித்தான், இனிப்பைத் திகட்டாமல் பிடித்து வைக்கும்.

கரண்டி
கீரையில் போடாதே என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். பருப்பு சேர்த்த கீரைக்கு மஞ்சள்தூள் வேண்டும்.

நிலாச்சோறு
அது பருப்புக்காகப் போடுவது. கீரைக்காக இல்லை.

கரண்டி
வக்கீலுக்குப் படித்திருக்கலாம் நீங்கள்.

அரைவேக்காடு
சரி, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சோதனையே செய்துவிட்டேன். ஒரே பருப்பை வேகவைத்து மூன்று கிண்ணமாகப் பிரித்தேன். முதலாவதில் மஞ்சள்தூள் இல்லை. இரண்டாவதில் ஒரு சிட்டிகையைக் கடைசியில் தூவிக் கலக்கினேன். மூன்றாவதில் அதே சிட்டிகையை, அடுப்பை அணைத்த தாளிப்பு எண்ணெயில் வெங்காயத்தோடு போட்டு, அரை நிமிடம் புரட்டி ஊற்றினேன். மற்ற இரண்டுக்கும் மஞ்சள்தூள் இல்லாத அதே தாளிப்பு.

முதலாவது நன்றாகத்தான் இருந்தது, கொஞ்சம் தட்டை. இரண்டாவதில் என் பழைய நண்பன், அதே ஈரமண், சிட்டிகை அளவிலேயே. மூன்றாவதைப் பார்த்ததும் அதிர்ச்சி. அதே ஒரு சிட்டிகைதான், ஆனால் இரண்டாவதைப் போல இரண்டு மடங்கு நிறம். வாடை இல்லை. கசப்பும் இல்லை. பருப்பின் ருசி முன்னைவிடத் தூக்கலாகத் தெரிந்தது. அறையில் கூட இருப்பவனிடம் எது எது என்று சொல்லாமல் கொடுத்தேன். மூன்றாவதைத்தான் வழித்துச் சாப்பிட்டான்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அதைத்தானே நானும் சொன்னேன், கொஞ்சமா போடுன்னு" என்கிறார். வெங்காயத்தோடு போட வேண்டும் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "வேற எப்பப் போடுவாங்க?" என்று திருப்பிக் கேட்டார்.

கரண்டி
நல்ல சோதனை. ஒரே ஒரு சந்தேகம். மூன்று கிண்ணத்திலும் உப்பு ஒரே அளவா?

அரைவேக்காடு
பிரிப்பதற்கு முன்பே போட்டுவிட்டேன், அதனால் ஒரே அளவுதான்.

பொறுங்கள். மூன்றாவதில் வெங்காயம் வதங்கட்டும் என்று தாளிப்பில் ஒரு சிட்டிகை உப்பு போட்டேன்.

கரண்டி
அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி செய்யுங்கள். குக்கரில் எண்ணெய் விட்ட என் பருப்பை நான்காவது கிண்ணமாக வையுங்கள்.